கூடத்துச் சுவர்

வெள்ளி இரவு, அம்பத்தூர்

அப்பாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒன்பது படங்களை எடுத்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் பிரேம் போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்ட வேண்டும். சொன்னதும் அம்மாவின் முகம் வாடிவிட்டது. "அப்பா படம்தான் மாலையோட இருக்கே. உசுரோட இருக்கறவள எதுக்குடி செவுத்துல ஏத்தற?" நம் வீடுகளில் தனியாளாகச் சுவரில் தொங்குகிறவர் என்றால் சந்தனப் பொட்டும் சீரோ வாட் பல்பும்தான். அம்மாவின் பயம் நியாயமானதே. ஆனால் பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கிய அந்த ஒற்றை முகத்தோடு அப்பாவை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

சனி

ஜன்னலோரம் பாய் விரித்துப் பரப்பினேன். 1969-இல் சைக்கிள் கம்பெனி வாசலில் ஷிப்ட் முடிந்து ஏழு பேர், நடுவில் அப்பா. டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் இங்கே தொடங்கி, 1951-இல் முதல் ஹெர்குலஸை வெளியே அனுப்பியது. கிணறும் வயலுமாக இருந்த ஊருக்குச் சங்கு ஊதும் நேரம் வந்தது அப்படித்தான். ஏழு பேரின் சட்டைப் பையில் இருக்கும் பேனாகூட இன்றும் துல்லியமாகத் தெரிகிறது. அதற்கு ஒன்பது வருஷம் பிந்திய கல்யாணக் கலர்ப் படமோ செங்கல் நிறமாகிவிட்டது. கருப்பு வெள்ளையில் உருவத்தைத் தாங்குவது வெள்ளித் துகள். கலரில் வெறும் சாயம். அந்தக் காலத்துக் கலர்த் தாளில் நீலப்பச்சைச் சாயம் பெட்டிக்குள் இருட்டில் கிடந்தே வெளிறிவிடும், மிஞ்சுவது சிவப்பு. அம்மாவின் கூறைப் புடவை என்ன நிறம் என்று அவளைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அரக்கு, பச்சைக் கரை.

ஞாயிறு

பூந்தமல்லியில் பிரேம் கடை. எனக்குக் கவலை ஒரே படத்தைப் பற்றித்தான்: திருமுல்லைவாயில் கோயில் வாசலில் அம்மா, இடுப்பில் கைக்குழந்தையாக அக்கா. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பிரேமோடு நனைந்தது. படத்தாளின் மேலிருக்கும் ஜெலட்டின் நனைந்தால் உப்பும். காயும்போது கண்ணாடியைக் கவ்விக்கொள்ளும். உரித்தால் அம்மாவின் முகம் கண்ணாடியோடு போய்விடும். கடைக்கார அண்ணன் தொடவே மறுத்தார். "இப்படியே கண்ணாடியோட ஸ்கேன் எடுத்துடும்மா. புது பிரிண்டுக்கு பிரேம் போடலாம். ஒரிஜினல் அப்படியே இருக்கட்டும்." மற்றவற்றுக்கும் படத்தின் மேல் கண்ணாடி படாதபடி சுற்றிலும் மவுண்ட் அட்டை வைக்கச் சொன்னார். முன்பே யாராவது இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று வழியெல்லாம் ஆற்றாமை.

புதன்

தினத்தாளைப் பிரேம் அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டிப் பார்த்தேன். மேற்குச் சுவர் வேண்டாம். மழையில் ஓதம் ஏறும். உள்சுவரில், ஒவ்வொரு பிரேமுக்கும் பின்னால் காற்றுப் போக இரண்டு கார்க் துண்டுகள். நான் கம்பெனிப் படத்தை நடுவில் வைத்தேன். அம்மா பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து, கல்யாணப் படத்துக்கான தாளைப் பிய்த்து அதன் பக்கத்தில் ஒட்டினாள். "கூட்டத்தோட இருந்தா ஒண்ணுமில்ல."

கோயில் படத்தின் தாளைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொன்னாள். அவள் நாற்காலியில் உட்கார்ந்தால் நேராகத் தெரியும் உயரத்துக்கு. அங்கே பென்சிலால் குறித்துவிட்டேன்.