முதலில் வந்த நம்பர்

வள்ளூரில் ஒரு கிரகப்பிரவேசம். எங்கள் வீட்டு ஏ.சி.யை வருஷா வருஷம் கழுவித் தருகிற தம்பி, சீட்டும் கடனுமாகச் சேர்த்து இரண்டு ரூம் கட்டிவிட்டார். பத்திரிகையோடு வந்து, 'கட்டாயம் வரணும் சார்' என்று கூப்பிட்டதால், கிளம்புமுன் வழி பார்க்கலாமே என்று கம்ப்யூட்டரில் 'வள்ளூர்' என்று தட்டினேன்.

முதலில் வந்தது அனல்மின் நிலையம். இரண்டாவதும் அதுவே. என்.டி.பி.சி.யும் தமிழ்நாடு மின்வாரியமும் கூட்டாகக் கட்டியது, 500 மெகாவாட் வீதம் மூன்று யூனிட், மொத்தம் 1,500 என்று ஜாதகமே விரிந்தது. ஆங்கிலத்தில் அடித்தால் 'வேலூரா?' என்று ஒரு சந்தேகம். அதற்கும் கீழே திருவள்ளூர். (வள்ளூர் இருப்பதே அந்த மாவட்டத்தில்தான் என்பதால் அதை மட்டும் மன்னிக்கலாம்.) ஜனங்கள் குடியிருக்கிற ஊரைக் காணோம்.

கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்து, எண்ணூர் தாண்டி, கொசஸ்தலை ஆற்றைக் கடந்து, அத்திப்பட்டு புதுநகரில் இறங்கினேன். டீக்கடையில் 'வள்ளூர்' என்றேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் பதில் சொல்லவில்லை. திருப்பிக் கேட்டார்.

'பிளான்ட்டுக்கா, ஊருக்கா?'

'ஊருக்கு.'

'யார் வீட்டுக்கு?'

அவ்வளவுதான். ஷேர் ஆட்டோவில் ஏற்றி, எங்கே இறக்கிவிட வேண்டும் என்று டிரைவரிடமும் சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டே கேள்வி.

வீடு பளிச்சென்று இருந்தது. கேசரியில் முந்திரி தாராளம். ஆனால் இரண்டு ஜன்னல்களில் கம்பி இல்லை, சாக்குத் துணியை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். 'என்னப்பா, கிரில் வரலையா?' என்று சும்மாதான் கேட்டேன். தம்பியின் முகம் மாறிவிட்டது. மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

கிரில் பட்டறைக்கு அட்வான்ஸாக 6,000 ரூபாய் போனில் அனுப்பியிருக்கிறார். கணக்கில் பணம் கழிந்துவிட்டது, பட்டறைக்குப் போய்ச் சேரவில்லை. பதறிப்போய், தன் பேங்கின் கஸ்டமர் கேர் நம்பரைத் தேடியிருக்கிறார். முதலில் வந்த நம்பருக்குப் போன் போட்டார். தமிழில், மரியாதையாக ஒரு குரல். பணத்தைத் திருப்பி அனுப்ப ஒரு ஆப் போடச் சொன்னது, போட்டார். ரகசிய எண்ணை அடிக்கச் சொன்னது, அடித்தார். 31,000 ரூபாய் போய்விட்டது. கிரிலுக்கும் பெயின்ட்டுக்கும் வைத்திருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், வழியில் நின்ற அந்த 6,000 இரண்டு நாளில் தானாகவே திரும்பி வந்துவிட்டது.

'மூணாவதா நாலாவதா வந்திருந்தா யோசிச்சிருப்பேன் சார். ஃபர்ஸ்ட்டே வந்துச்சு. ஃபர்ஸ்ட்டு வர்றது தப்பா இருக்குமா?'

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது?

முதலில் வருவதற்கும் சரியாக இருப்பதற்கும் உள்ள உறவு கொஞ்சம் தூரத்து உறவுதான். 1972-ல் கேம்பிரிட்ஜில் காரென் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பெண்மணி ஒரு அழகான யோசனை சொன்னார். எங்கே பார்த்தாலும் கிடைக்கிற சொல்லுக்கு மதிப்பு குறைவு, அபூர்வமான சொல்லுக்கு மதிப்பு அதிகம். 'வள்ளூர் பஸ் நேரம்' என்று தேடினால், பஸ்ஸும் நேரமும் கோடிக்கணக்கான பக்கங்களில் இருக்கும், 'வள்ளூர்'தான் துப்பு. (தமிழில் அதிலும் வம்பு. வள்ளூரில், வள்ளூருக்கு, வள்ளூரிலிருந்து எல்லாம் ஒரே ஊர்தான் என்று வாலை நறுக்கி மெஷினுக்குப் புரிய வைக்க வேண்டும்.)

1998-ல் ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்கே பிரின்னும், ஒரு பக்கத்துக்கு மற்ற பக்கங்கள் தருகிற இணைப்பை ஓட்டாக எண்ணினார்கள். அதிலும் பெரிய இடத்து ஓட்டுக்கு மதிப்பு ஜாஸ்தி. நம் தேர்தல் கமிஷன் ஒப்புக்கொள்ளாது, ஆனால் கூகுள் பிறந்தது இப்படித்தான். மின் நிலையத்துக்கு ஓட்டுப்போட அரசாங்கம், பத்திரிகை, பங்குச் சந்தை என்று எத்தனையோ பேர். வள்ளூரின் தெருவுக்கு யார் போடுவார்கள்?

சொல் பொருந்துகிறதா, செல்வாக்கு இருக்கிறதா என்ற இந்த இரண்டு கணக்கிலும், 'இது நிஜமா?' என்ற கேள்வி இல்லை. பின்னால் எத்தனையோ கணக்குகளைச் சேர்த்து மோசடிகளைக் கீழே தள்ளப் பார்க்கிறார்கள். தள்ளத் தள்ள முளைக்கின்றன. பல பேங்குகள் தங்கள் நம்பரை நாலு மெனுவுக்குள் ஒளித்து வைக்கின்றன. திருடனோ, தம்பி எந்த வார்த்தைகளைத் தட்டுவார் என்று யோசித்து, அதையே பத்து தடவை எழுதி நம்பரையும் கொட்டை எழுத்தில் போடுகிறான். பொருத்தம் பார்த்தால் பத்துக்குப் பத்து. காசு கொடுத்தால் விளம்பரமாகவும் மேலே ஏறலாம். விளம்பரத்தில் பிழைக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று 1998 கட்டுரையில் எச்சரித்தவர்களே பேஜும் பிரின்னும்தான். 2000-த்தில் அவர்களே விளம்பரம் விற்க ஆரம்பித்தார்கள். வீட்டு வாடகை யாரை விட்டது?

தம்பியை ஏமாளி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தார்ஸ்டன் யோவாகிம்ஸ் என்பவரின் குழு, 2005-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மாணவர்களுக்குச் சொல்லாமலே முதல் விடையையும் இரண்டாம் விடையையும் இடம் மாற்றி வைத்துப் பார்த்தது. அப்போதும் முதலில் இருந்ததைத்தான் அதிகம் அமுக்கினார்கள். அமெரிக்காவில் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள்!

'போலீஸ்ல சொன்னியா?'

'மூணாம் நாள் சொன்னேன் சார். வீட்ல சொல்றதுக்கே ரெண்டு நாள் ஆச்சு.'

1930 என்ற நம்பருக்கு உடனே அடித்திருந்தால், பணம் கைமாறுவதற்குள் நிறுத்தி வைக்க ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். அதை அப்போது சொல்லி என்ன பிரயோஜனம் என்று தோன்றியது. இருந்தாலும் சொன்னேன். போனில் குறித்துக்கொண்டார்.

'அப்ப பேங்க்கோட நிஜ நம்பர் எங்கதான் சார் இருக்கு?'

'உன் ஏ.டி.எம். கார்டு வெச்சிருக்கியா?'

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் நம்பர் இருந்தது, பாதி அழிந்துபோய். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான் படிக்கப் படிக்க, தம்பி ஒவ்வொரு எண்ணாகப் போனில் ஏற்றினார்.

கடைசி எண் மூன்றா எட்டா என்றுதான் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கீழே போய் அவர் மனைவியின் கார்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். எட்டு.