துயரம் தங்கிய வீட்டில் ஒரு கிண்ணம் கஞ்சி



விருந்துச் சமையலுக்கு நம் சமுதாயத்தில் குறைவே இல்லை. நெய்ச்சோறும் பிரியாணியும் சமைக்கத் தெரிந்த கைகள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. ஆயினும் ஓர் இல்லத்தைத் தாங்கி நிற்பது விருந்தில்லாத நாள்களின் எளிய சமையலே. அதன் அருமை, நோயோ மரணமோ வாசற்படி ஏறும்போதுதான் முழுமையாக விளங்குகிறது. மகளிர் மதரஸாவில் பல ஆண்டுகளாக ஹதீஸ் பாடம் நடத்தி வரும் எனக்கு, உணவு பற்றிய நபிமொழிகள் புதியவை அல்ல. அவற்றில் ஒன்றை அடுப்படியில் நின்று கற்கும் வாய்ப்பு, என் தந்தையார் வஃபாத்தான பிறகே கிடைத்தது.

என் தாயாருக்கு நீண்ட காலமாக நீரிழிவு நோய் இருக்கிறது. வேளை தவறாமல் மாத்திரை உட்கொள்ள வேண்டும். மாத்திரைக்கு முன்னோ பின்னோ வயிற்றில் உணவும் இருக்க வேண்டும். இத்தாவின் முதல் வாரத்தில் அவர் உணவையே மறுத்துவிட்டார். வாப்பாவுடன் ஒரே தட்டில் உண்டு பழகியவருக்குத் தனித்தட்டைப் பார்க்கவே இயலவில்லை. உறவினர்கள் அன்போடு பிரியாணியும் குருமாவும் கொண்டு வந்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. ஆனால் அந்த மணமே உம்மாவுக்குக் குமட்டலை வரவழைத்தது. ஐந்தாம் நாள் காலையில் எழுந்தபோது தலைசுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சர்க்கரை மிகவும் தாழ்ந்திருந்தது. அன்று எங்களைப் பற்றிக்கொண்ட அச்சம் சிறிதன்று.

ஆயிஷா (ரலி) அவர்கள் தம் குடும்பத்தில் எவரேனும் இறந்தால், வந்திருந்த பெண்கள் கலைந்து வீட்டாரும் நெருங்கியவர்களும் மட்டும் எஞ்சிய பின், ‘தல்பீனா’ எனும் வாற்கோதுமைக் கஞ்சியைக் காய்ச்சச் சொல்வார்கள் என்றும், அது நோயாளியின் உள்ளத்துக்கு ஆறுதல் தந்து துயரத்தில் சிறிதைப் போக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அறிவித்தார்கள் என்றும் ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். பால்போன்ற வெண்மையும் இளக்கமும் கொண்டிருப்பதால், ‘லபன்’ என்ற சொல்லின் அடியாக அதற்கு அப்பெயர் அமைந்தது. நான் மாணவியருக்குப் பலமுறை விளக்கிய ஹதீஸ் இது. அன்றுதான் அந்தக் கஞ்சியை முதன்முதலாகக் காய்ச்சினேன்.

செய்முறை கடினமானதன்று. அரை கிலோ பார்லியைக் கழுவி, நன்கு உலர்த்தி, மணம் வரும்வரை இளந்தீயில் வறுத்து மாவாக அரைத்துக்கொள்ள வேண்டும். காற்றுப் புகாத புட்டியில் வைத்தால் சில வாரங்கள் கெடாது. ஒருவருக்கு 2 மேசைக்கரண்டி மாவு போதும். அதை ஒன்றரைக் குவளைக் குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, மெல்லிய தீயில் 12 முதல் 15 நிமிடங்கள் கிளறிக் காய்ச்ச வேண்டும். இறுதியில் அரைக் குவளைப் பால் சேர்த்து ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடலாம். இளஞ்சூட்டில் சிறிது தேன் கலப்பது வழக்கம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாலும் தேனும் இன்றிக் காய்ச்சி, ஆறியபின் மோரும் உப்பும் வறுத்த சீரகத்தூளும் கலந்து தரலாம். வாற்கோதுமையிலுள்ள கரையும் நார்ச்சத்து, சர்க்கரை இரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கிறது. ஆயினும் அதுவும் மாவுப்பொருளே என்பதால் அளவு முக்கியம். மருத்துவர் தந்த மருந்துக்கு அது மாற்றாகாது. குளூட்டன் ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும்.

முதல் நாள் உம்மா நான்கு கரண்டிதான் குடித்தார். மறுநாள் அரைக் கிண்ணம். மென்று விழுங்கும் சிரமம் இல்லாததால் தொண்டை அதை மறுக்கவில்லை. பத்து நாள்களுக்குள் மாத்திரை நேரமும் உணவு நேரமும் ஒழுங்குக்கு வந்தன, அல்ஹம்துலில்லாஹ்.

கஞ்சியிலிருந்து சோற்றுக்குத் திரும்பியபோது துணை நின்றவை இரண்டு ஆணங்கள். ஒன்று முருங்கைக்கீரைப் பருப்பாணம். அரைக் குவளைப் பாசிப்பருப்பை மஞ்சள்தூளுடன் குழைய வேகவைத்து, உருவிய கீரை இரண்டு கைப்பிடி சேர்த்து, மூடாமல் ஐந்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். இரண்டு மேசைக்கரண்டித் தேங்காய்த் துருவல், அரைத் தேக்கரண்டி சீரகம், இரண்டு பல் பூண்டு ஆகியவற்றை அரைத்து ஊற்றி, உப்பிட்டு, சின்ன வெங்காயம் தாளித்தால் போதும்.

மற்றொன்று சுரைக்காய் ஆணம். தையற்காரர் ஒருவர் அளித்த விருந்தில் வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் இட்ட ஆணமும் வைக்கப்பட்டன. நபி (ஸல்) அவர்கள் தட்டின் ஓரங்களில் சுரைக்காயைத் தேடி உண்டதைக் கண்ட நாள்முதல் தாமும் அதை விரும்பலானதாக அனஸ் (ரலி) அறிவித்துள்ளார்கள். பிஞ்சுச் சுரைக்காய் அரை கிலோவைத் தோல் சீவி நறுக்கும்போது ஒரு துண்டைச் சுவைத்துப் பார்ப்பது அவசியம். கசந்தால் அது உடலுக்குத் தீங்கானது. தயங்காமல் எறிந்துவிட வேண்டும். வெங்காயம், ஒரு தக்காளி, இரண்டு பச்சை மிளகாய் வதக்கி, மஞ்சள்தூளும் ஒரு தேக்கரண்டி மல்லித்தூளும் சேர்த்துக் காயை இட்டால், அதன் நீரிலேயே பெரும்பாலும் வெந்துவிடும். உப்பும் அரைக் குவளை மெல்லிய தேங்காய்ப்பாலும் ஊற்றி, கொதிக்கத் தொடங்குமுன் இறக்க வேண்டும்.

இத்தாவின் இரண்டாம் மாதத்தில் ஒரு நாள் இந்தச் சுரைக்காய் ஆணத்தை ஒரு வாய் உண்டுவிட்டு, “உப்புப் பத்தலையே மகளே” என்றார் உம்மா. ஒரு மாதத்துக்கும் மேலாக உணவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதவர் அவர். அந்தக் குறை கேட்டு நான் மகிழ்ந்தேன். மறுநாள் அவரே அடுப்படிக்கு வந்து, கீரை உருவ அமர்ந்தார். 4 மாதம் 10 நாள் நிறைவடைந்தபோது எங்கள் பிள்ளைகளும் காலைக் கஞ்சிக்குப் பழகியிருந்தார்கள். பள்ளிக்குப் புறப்படும் அவசரத்தில் பாக்கெட் பிஸ்கட்டைத் தேடும் வழக்கம் மெல்லக் குறைந்தது.

ஹிஜ்ரி 8இல் முஅத்தா போரில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதானபோது, அவருடைய குடும்பத்தினருக்கு உணவு சமைத்துத் தருமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். துயரில் இருப்பவர்கள் அடுப்பை மறந்திருப்பார்கள் என்பதே அதன் கருத்து. நம் ஊர்களிலோ, மய்யித் வீட்டாரே வந்தவர்களுக்கெல்லாம் சோறாக்கிப் போடும் நிலையைப் பல இடங்களில் காண்கிறோம். கடன் வாங்கிச் சமைத்த விதவைகளையும் அறிவேன். இது மாற வேண்டும். அடுத்த முறை ஒரு மவ்த் வீட்டுக்குச் செல்லும்போது, அங்கே முதியவர் இருக்கிறாரா, மாத்திரை சாப்பிடுபவர் இருக்கிறாரா என்று கேட்டறியுங்கள். ஒரு தூக்கில் கஞ்சியும், ஒரு கிண்ணத்தில் பருப்பாணமும் கொண்டு செல்லுங்கள். மூன்று நாளோடு நிறுத்திவிடாமல், கூட்டம் கலைந்த பிறகும் ஒருமுறை செல்லுங்கள். அந்த நேரத்தில்தான் அவ்வீட்டின் தனிமை தொடங்குகிறது.

யா அல்லாஹ்! எங்கள் உணவில் பரக்கத் செய்வாயாக. நோயுற்றோருக்கு ஷிஃபாவையும், துயருற்றோருக்கு ஸப்ரையும் அருள்வாயாக. எங்களுக்கு முன் சென்றுவிட்ட பெற்றோரின் கப்றுகளை ஒளிமயமாக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.