தொப்புள் மட்டத்தில் ஒரு வெட்டு

நுசுப்பு, மருங்குல், இடை. பெண்ணின் இடுப்புக்குத் தமிழில் எத்தனை சொல்! கவிகள் புகழ்ந்ததோ பெரும்பாலும் அது இல்லாமலிருப்பதை. துடியிடைக்கு நான் பொருள் சொல்லும்போது என் சேலைமடிப்பைப் பார்த்து மாணவிகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

46 வயதில், வேறு காரணத்துக்காக எடுத்த சி.டி. ஸ்கேனில்தான் என் வயிற்றை உள்ளிருந்து பார்த்தேன். தொப்புள் மட்டத்தில் குறுக்காக ஒரு வெட்டு. கொழுப்பு கருமையாகத் தெரிகிறது. தசைச்சுவருக்கு வெளியே தோலடிக் கொழுப்பு. உள்ளே, குடலைச் சுற்றி இன்னொன்று. சர்க்கரைக்கும் மாரடைப்புக்கும் அதிக நெருக்கம் உள்ளே இருப்பதுதான். அதன் பரப்பு 100 சதுர செ.மீ. எட்டினால் ஜப்பானில் எச்சரிக்கிறார்கள். தையல்காரரின் டேப்புக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியாது. ஊர்க்கண்ணுக்கும்தான். "எத்தனாவது மாசம்?" என்று பேருந்தில் எழுந்து இடம் தருபவர்கள் பார்ப்பது வெளியே உள்ளதை.

மாதவிடாய் நின்றபின் உள்ளே சேர்வது கூடுகிறது. "இனி யார் பார்க்கப் போறா" என்று நம்மை விட்டுவிடும் வயது அது.

ஒல்லியான என் அக்காவை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளுக்குத்தான் 42இல் சர்க்கரை வந்தது. 2004இல் 'லான்செட்' இதழில் புனேயின் யாஜ்னிக்கும் லண்டனின் யுட்கினும் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடற்கொழுப்போ யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம், யுட்கினுக்கு 9.1.

அக்காவிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள்.

"ரெண்டு பேரும் ஆம்பளைங்க. இவங்க சாப்பிடுற தட்டை யாராச்சும் எட்டிப் பார்த்திருப்பாங்களாடி?"