ஒடிந்த ஆணி

ஏரிக்கு அப்பாலுள்ள பள்ளியில் பாடம் நடத்திவிட்டுப் பழவேற்காட்டுக்குப் படகில் திரும்பிக்கொண்டிருந்தோம். நீரில் மூழ்கிக் கிடந்த கட்டையில் மோதியது மோட்டாரின் விசிறி. எஞ்சின் உறுமிற்று, விசிறியோ சுழலவில்லை! "புறப்படும்போதே சகுனம் சரியில்லை" என்றார் பெரியவர் ஒருவர். உள்ளூர நகைத்தோம்.

படகோட்டித் தோழர் எஞ்சினை நிறுத்தினார். மோட்டாரை நீருக்கு மேலே சாய்த்து, விசிறியைக் கழற்றினார். உள்ளே ஒடிந்து கிடந்தது சிறு பித்தளை ஆணி.

"எஃகாணி செருகினால் ஒடியாதே!" என்றோம், பட்டம் பெற்ற நாம்.

"மோதும்போது இது முறியத்தான் வேண்டும், வாத்தியாரையா! முறியாவிட்டால் உள்ளிருக்கும் பற்சக்கரம் நொறுங்கும்" என்றார் அவர். மாற்றாணி ஏறியது, படகு விரைந்தது.

காரணம் கேளாது சகுனம் சொன்னார் பெரியவர். காரணம் கேளாது மருந்து சொன்னோம் நாம். வேறுபாடு எங்கே, தோழர்களே? 'ஏன்?' என்னும் கேள்வி பிறருக்கு மட்டுமா? நமக்குமன்றோ!