மலையேறும் பழைய ஜீப்

எம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், தந்தையார் விட்டுச்சென்ற மகிந்திரா எம்.எம். 540 ஜீப்பைக் கல்வராயன் மலையின் மண்பாதைகளுக்கு ஏற்றவாறு மாற்றியமைக்க விரும்பினார். 1985-இல் வெளிவந்த இவ்வகை ஜீப்பின் டீசல் எஞ்சின் பிரான்சு நாட்டுப் பெஜோ நிறுவனத்தின் வடிவமைப்பு; புதுச்சேரிக்காரருக்கு அதில் தனிப் பெருமை! அடிச்சட்டத்திலிருந்து வண்டியை உயர்த்திப் பெரிய டயர்கள் பூட்டுவதே அவரது கனவு.

“வண்டி உயர்ந்தால் அதன் புவியீர்ப்பு மையமும் உயருமே, தம்பி! வளைவில் கவிழ்வது எளிதாகிவிடும். பின்னால் அமரப்போகிறவர்கள் உம் மனைவி மக்கள் அல்லவா?” என்றேன். பதிவுச் சான்றில் கண்ட தயாரிப்பாளரின் விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றலாகாது என 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதையும் நினைவூட்டினேன்.

குருமடத்தில் இவற்றை எவரும் கற்பிப்பதில்லை. மலைப் பங்குகளில் ஜீப் ஓட்டிய ஆண்டுகளே கற்பித்தன. முதலில் தேய்ந்த ஸ்பிரிங் பட்டைகளையும் பிரேக் குழாய்களையும் மாற்ற வேண்டும். கூரைமேல் சுமை ஆகாது. மணலில் டயர்க் காற்றைச் சற்றே குறைத்தால் டயர் அகலப் படிந்து புதையாமல் செல்லும். தார்ச்சாலை வந்ததும் மறவாது நிரப்ப வேண்டும். அங்கே நான்கு சக்கர இயக்கத்தையும் விடுவித்துவிட வேண்டும். இல்லையேல் திருப்பங்களில் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிப் பற்சக்கரங்கள் பழுதாகும்.

பெரிய டயர்களுக்கென வைத்திருந்த பணத்தில் ஸ்பிரிங் பட்டைகளும் பின்னிருக்கைகளுக்குப் பாதுகாப்பு வார்களும் வாங்கியிருக்கிறார். மீதத் தொகைக்கு வலுவான இழுவைக் கயிறு ஒன்று.