கணையும் ஊர்தியும்

விண்ணை நோக்கி எழும் ஊர்தி எதுவும் தன்பொருட்டு எழுவதில்லை. நெருப்பைக் கக்கி, நிலம் அதிர முழங்கி மேலேறும் அதன் தோற்றத்தைக் கண்டு நாம் வியக்கிறோம். ஆனால், அந்த ஆரவாரமெல்லாம் ஓய்ந்தபின், தான் சுமந்து சென்றதை உரிய உயரத்தில், உரிய வேகத்தில் விட்டு விலகும் அமைதியான கணத்திற்காகவே அது படைக்கப்பட்டது. ஒன்றல்ல, பல செயற்கைக்கோள்களை ஒருசேரச் சுமந்து, புவியின் தாழ்ந்த சுற்றுப்பாதையில் சேர்ப்பிக்கும் ஊர்திகளைப் பற்றிப் படிக்குந்தோறும், நம் ஆசிரியத் தொழிலுக்குரிய பாடம் ஒன்று அவற்றுள் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

முப்பது ஆண்டுகளாகப் பினாங்கு மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றி வருகின்றேன். அறிவியல் பாடத்தைத் தொடங்குமுன் அதன் கலைச்சொல்லை முதலில் ஆராய்வது, பயிற்சிக் கல்லூரி நாள்களிலிருந்தே எனக்குள்ள வழக்கம். மாணவர்கள் 'ராக்கெட்' என்பர், அதில் குறையில்லை. ஆனால், தமிழில் எழுதும்போது பலர் அதனை 'ஏவுகணை' என எழுதிவிடுகின்றனர். கணை என்பது அம்பு. அது சென்று தைக்கும், அழிக்கும். ஊர்தி என்பதோ சுமந்து செல்வது, கொண்டு சேர்ப்பது. இரண்டையும் உந்துவது ஒரே நெருப்புதான். ஆயினும், செய்யும் பணியால் ஒன்று கணையாகிறது, மற்றொன்று ஏவூர்தியாகிறது.

இவ்வேறுபாட்டை விளக்க நம் நாட்டு வரலாற்றிலேயே ஓர் அரிய சான்று உண்டு. மலேசியாவின் முதல் நுண்செயற்கைக்கோளான தியோங்சாட்-1, 2000ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள், கசகஸ்தானின் பைக்கோனூர் ஏவுதளத்திலிருந்து நீப்பர் என்னும் ஏவூர்தியில் விண் சென்றது. இத்தாலியின் இரு கோள்களும் சவூதி அரேபியாவின் இரு கோள்களும் அதன் உடன்பயணிகள். அந்த நீப்பர் யாது? சோவியத் ஆட்சிக் காலத்தில் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையாக வடிக்கப்பட்டு, பின்னர் ஊர்தியாக மாற்றப்பட்டது. 'தியோங்' என்பது மலாய் மொழியில் மைனாவைக் குறிக்கும். நம் இலக்கியங்கள் நாகணவாய் என்று அழைத்த பறவையினம் அது. அணுகுண்டைச் சுமக்கப் பிறந்த கணை, ஏறத்தாழ ஐம்பது கிலோகிராம் எடையுள்ள ஒரு மைனாவைச் சுமந்து சென்றது என்று வகுப்பில் கூறினால், ஏவுகணைக்கும் ஏவூர்திக்கும் உள்ள வேறுபாட்டை எந்த மாணவனும் மறப்பதில்லை.

பல கோள்கள் ஒரே ஊர்தியில் செல்வது ஏன்? நம் முன்னோரின் கடற்பயணத்தை நினைத்தாலே விடை கிடைத்துவிடும். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குத் துறைமுகத்திற்கு 'ராஜுலா' கப்பலில் வந்தவர்கள் ஆளுக்கொரு கப்பலை அமர்த்திக்கொண்டு வரவில்லை. வணிகரும் தோட்டத் தொழிலாளரும் ஒரே கப்பலில் வந்தனர்; செலவு பகிரப்பட்டது. விண்வெளிப் பயணமும் அத்தகையதே. 2018ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் நம் நாட்டின் இன்னோசாட்-2 என்னும் சிறுகோள், சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரியை அடுத்துள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி43 ஊர்தியில் ஏறிச் சென்றது. எட்டு நாடுகளின் 30 சிறுகோள்களும், இந்தியாவின் ஹைசிஸ் கோளும் அதில் இருந்தன. ஹைசிஸ் கோளை 636 கிலோமீட்டர் உயரத்தில் விட்டபின், ஊர்தி தன் இறுதிக் கட்ட இயந்திரத்தை மீண்டும் இயக்கி, ஏறத்தாழ 504 கிலோமீட்டருக்கு இறங்கி, ஏனைய முப்பதையும் ஒன்றோடொன்று மோதாவண்ணம் வெவ்வேறு கணங்களில் விடுவித்தது. அவரவர் இறங்க வேண்டிய துறையை அறிந்து இறக்கிவிடும் மாலுமியின் பொறுப்பு அது.

இப்பொறுப்பில் சிறிதளவு குறை நேர்ந்தாலும் விளைவு எத்தகையது என்பதை 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் உலகம் கண்டது. அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எஸ்.எல்.வி. என்னும் புதிய ஊர்தி முதன்முறையாக ஏவப்பட்டது. முப்பத்து நான்கு மீட்டர் உயரமும் 120 டன் எடையும் கொண்ட சிறிய ஊர்தி அது. அதில் இரு கோள்கள் இருந்தன. ஒன்று இஸ்ரோவின் இ.ஓ.எஸ்-02. மற்றொன்று ஆசாதிசாட், எட்டுக் கிலோகிராம் எடையுள்ள அக்கோளின் உள்ளுறுப்புகளை, சென்னையில் இயங்கும் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா என்னும் அமைப்பின் வழிகாட்டலில், இந்தியாவெங்குமுள்ள 750 பள்ளி மாணவியர் உருவாக்கியிருந்தனர். இச்செய்தியை என் மாணவர்களுக்கு முன்கூட்டியே கூறியிருந்ததால், அவர்களும் ஆவலோடு காத்திருந்தனர்.

ஊர்தியின் மூன்று கட்டங்களும் எரிந்து முடிந்தன. கோள்களும் பிரிந்தன. ஆனால், 356 கிலோமீட்டர் உயர வட்டப்பாதைக்கு மாறாக, ஒருபுறம் 356 கிலோமீட்டரும் மறுபுறம் வெறும் 76 கிலோமீட்டருமாக அமைந்த நீள்வட்டப் பாதையில் அவை விடப்பட்டன. அத்துணைத் தாழ்வில் காற்றின் உராய்வு எந்தக் கோளையும் நிலைக்க விடாது. இரண்டும் வீழ்ந்தன. நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில், குறைந்தது நூற்றில் ஏறத்தாழ ஒரு பங்கே. நாம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது மதிப்பெண் பெற்றவனைத் தோளில் தூக்கிக் கொண்டாடுகிறோம். விண்ணில் அம்மதிப்பெண் தேர்ச்சியாகாது.

மறுநாள் காலைச் சபைகூடல் முடிந்ததும் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "அந்த அக்காமார் செய்ததில் என்ன பிழை ஐயா?" என்று கேட்டாள். "அவர்கள் செய்ததில் பிழை ஏதும் இல்லையம்மா. சுமந்து சென்ற ஊர்திதான் தவறியது" என்றேன். அவள் முகம் தெளியவில்லை. பிழை செய்யாதவர்களின் உழைப்பு வீழ்ந்தது என்பது அவளுக்கு முன்னிலும் பெரிய துயரமாகவே பட்டது.

காரணம் பின்னர் வெளியாயிற்று. இரண்டாம் கட்டம் பிரிந்தபோது, நொடியில் ஒரு சிறு பகுதி அளவே நீடித்த அதிர்வொன்று எழுந்தது. முடுக்கத்தை அளக்கும் உணரிகள் அக்கணத்தில் தம் அளவெல்லையைக் கடந்து தடுமாறின. அவை பழுதுபடவில்லை. ஆனால், ஊர்தியின் கணினி அந்த ஒரு கணத்தைக் கொண்டே உணரிகள் யாவும் கெட்டன என்று முடிவு கட்டி, அவற்றின் சொல்லைக் கேட்பதை நிறுத்திக்கொண்டது. நலமாயிருந்த உணரிகளை நம்பாமையால் ஊர்தி வழிதவறியது.

இதைப் படித்தபோது என் பள்ளியின் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் என் நினைவுக்கு வந்தான். நன்றாக எழுதி வந்தவன், அவ்வாண்டில் திடீரென்று எழுதுகோலைத் தொட மறுத்தான். கேட்ட கேள்விக்கு வாய் திறக்கவில்லை. அவனைக் குறைநீக்கல் வகுப்பிற்கு மாற்ற வேண்டுமென்று வகுப்பாசிரியர் படிவத்தோடு வந்தார். அவர் கடமையுணர்வு மிக்கவர், அக்கறையினாலேயே வந்தார். ஒரு மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்றேன். இரண்டாம் வாரம் அவன் பாட்டியார் பள்ளிக்கு வந்து, தாயார் மருத்துவமனையில் இருப்பதையும், பையன் இரவில் உறங்குவதில்லை என்பதையும் கூறினார். தாயார் வீடு திரும்பிய பின்னர் அவன் மெல்ல மெல்ல எழுதத் தொடங்கினான். அவனிடத்தில் பழுதேதும் இருக்கவில்லை. இருந்தது ஓர் அதிர்வு மட்டுமே.

இஸ்ரோவின் பொறியாளர்கள் பழியைக் கோள்களின்மேல் சுமத்தவில்லை, ஊர்தியையே திருத்தினர். கட்டம் பிரியும் அமைப்பை மாற்றினர்; கருவிகள் தாங்கிய தளத்தைச் சீரமைத்தனர்; உணரிகள் பழுதென்று தீர்ப்பளிக்குமுன் கணினி இன்னும் சற்றுப் பொறுத்திருக்குமாறு அதன் நிரலைத் திருத்தினர். ஆறு திங்கள் கழித்து, 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள், நம் நேரப்படி முற்பகல் 11.48 மணிக்கு எஸ்.எஸ்.எல்.வி. மீண்டும் எழுந்தது. பதினைந்து நிமிடங்களுக்குள் 156 கிலோகிராம் எடையுள்ள இ.ஓ.எஸ்-07, அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஜானஸ்-1, மாணவியரின் ஆசாதிசாட்-2 ஆகிய மூன்றும் 450 கிலோமீட்டர் உயர வட்டப்பாதையில் பிழையின்றிச் சேர்ந்தன. புவிநடுக்கோட்டுக்கு 37 பாகை சாய்ந்த பாதை அது. ஆகவே அதில் சுற்றிய கோள்கள் நம் பினாங்கின் வான்வழியாகவும் சென்றன. ஆறு திங்களுக்கு முன் கேள்வி கேட்ட மாணவி அச்செய்தியைக் கேட்டு, "இந்தத் தடவை ஊர்தி சரியாகக் கொண்டுபோய்விட்டதா ஐயா?" என்றாள். கோள்களைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

வகுப்பறை ஒவ்வொன்றும் பல கோள்களைச் சுமக்கும் ஊர்தியே. எடை வேறு, பணி வேறு, செல்ல வேண்டிய பாதை வேறாகப் பலர் அதில் அமர்ந்திருக்கின்றனர். ஒரு பிள்ளை தாழ்ந்துபோகுங்கால், பிள்ளையிடம் குறை காண்பது எளிது. ஊர்தியை ஆராய்வது அரிது. ஆசிரியப் பயிற்சி பெறும் இளையோரிடம் நான் வேண்டுவது இதுதான்: ஒரு கணத்து அதிர்வைக் கொண்டு எந்தப் பிள்ளையையும் தீர்மானித்துவிடாதீர்கள். இன்னும் சற்றுப் பொறுத்து, அப்பிள்ளையின் சொல்லைத் தொடர்ந்து கேளுங்கள். சுமந்து செல்ல ஒப்புக்கொண்டவர்க்கு அந்தப் பொறுமையே முதற் கடமை.