தளராத கை

சென்ற தை அறுவடையின்போது எங்கள் இளைய மகனின் முன்கையைக் கதிரரிவாள் ஆழமாக வெட்டிவிட்டது. குருதி பீறிட்டது. பதறிய நாங்கள் காப்பித்தூள் தேடி அடுக்களைக்கு ஓடினோம். அண்டை வீட்டுச் செவிலியர் எங்களைத் தடுத்தார். துவைத்த வேட்டியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, உள்ளங்கையால் இறுக அழுத்தினார்.

“நின்றுவிட்டதா?” எனத் துணியை நீக்க முயன்றோம்.

“எடுத்தால் உறைகின்ற குருதி பெயர்ந்துவிடும், 10 நிமிடமேனும் பொறுங்கள்” என்றார்.

துணி நனைந்தபோதும் அதை அகற்றாமல், மேலே மற்றொன்றை வைத்து அழுத்தினார். 108 ஊர்தி வரும்வரை அக்கை தளரவில்லை. வளர்ந்தவர் உடலிலும் குருதி ஏறத்தாழ 5 லிட்டரே. பாலகனுக்கோ அதனினும் குறைவு. தூளைத் தூவியிருந்தால் காயத்தில் அழுக்கையே சேர்த்திருப்போம்.

இன்று எங்கள் மாடத்தில் தூய துணிச்சுருள் ஒன்று இருக்கிறது. அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் இருக்கட்டும்.